பொங்கல் லீவுப் பிள்ளைகள்

இருபத்தொன்பது வாரம் என்று கணி சொன்னது. நான் பிள்ளையின் கையைத் தூக்கி நகத்தைப் பார்த்தேன். நகம் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருந்தது. உள்ளங்காலைத் திருப்பினேன். குதிகால் வரைக்கும் ரேகை ஓடியிருந்தது. எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். முப்பத்தோரு வருஷமாகப் பிள்ளைகளைக் கையில் ஏந்துகிறேன். நிறைமாதப் பிள்ளை எது, குறைமாதப் பிள்ளை எது என்று தெரியாமலா இத்தனை காலம் இந்த வார்டில் குப்பை கொட்டினேன்?

மூச்சு மட்டும்தான் குறைமாத மூச்சு. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய்க் குழி விழுந்தது. விடும்போது முனகல். முக்கால் பானை தண்ணீரை ஒற்றைக் கையால் தூக்குகிறவர்கள் முனகுவார்களே, அந்த முனகல். பிறந்து பத்து நிமிஷம் ஆன பிள்ளைக்கு அவ்வளவு பாடு.

கணி என்பது எங்கள் சுண்ணாம்புமேடு ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்த பெட்டி. கம்பெனிக்குப் பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை, எங்களுக்குக் கம்பெனி என்றால் ஒன்றுதான். பிறந்த பிள்ளையின் தொண்டையிலிருந்து நாலு சொட்டு நீர் எடுத்துக் கணியின் வாயில் விட வேண்டும். அது அதை நுரைக்க வைத்துப் பார்க்கும். நுரை நின்றால் நுரையீரல் முற்றியிருக்கிறது, நிற்காவிட்டால் முற்றவில்லை. அதுவரைக்கும் சரி. அந்தக் காலத்தில் நாங்களும் கண்ணாடிக் குழாயில் ஸ்பிரிட் விட்டுக் குலுக்கிப் பார்த்ததுதான். ஆனால் கணி அதோடு நிற்காது. நுரையை வைத்துப் பிள்ளைக்கு வயசு போடும். அம்மா சொன்ன தேதி, மூன்றாம் மாத ஸ்கேன் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, 'திருத்தப்பட்டது' என்று எழுதித் தன் வயசை மேலே போடும்.

ஆக, நிறைமாதத்தில் பிறந்து நுரையீரல் மட்டும் கெட்டுப்போன பிள்ளை என்று ஒன்று கணியின் கணக்கில் இருக்கவே முடியாது. நுரையீரல் கெட்டிருக்கிறதா, அப்படியானால் குறைமாதம், முடிந்தது. நிறைமாதப் பிள்ளை மூச்சுக்குத் திணறினால் காரணம் என்ன என்று விசாரிக்கச் சட்டம் இருக்கிறது. குறைமாதம் என்றால் விசாரணை கிடையாது. மூன்று குப்பி மருந்து, அவ்வளவுதான். இது என் மண்டையில் ஏற எனக்கு இரண்டு வருஷமும் பதினொரு பிள்ளைகளும் ஆயின. அந்தக் கோபம் கம்பெனி மேல் பாதி, என் மேல் பாதி.

பதினோராவது பிள்ளைதான் இது. தையல்நாயகியின் பெண்.

செவ்வாய்க்கிழமை காலையில் பிறந்தது. முதல் குப்பி போட்டோம். கன்றுக்குட்டியின் நுரையீரலிலிருந்து எடுக்கும் மருந்து அது, பார்க்கப் பால் மாதிரி இருக்கும். குழாய் வழியாக உள்ளே விட்டதும் கால் மணி நேரத்தில் முனகல் நின்றது, உடம்பு சிவந்தது. பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி குழி விழுந்தது. இரண்டாவது குப்பி. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்றாவது குப்பி.

தையல்நாயகி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். "எம்புள்ளைக்கு என்னாதான் சிஸ்டர் ஆச்சு? பாலு நல்லாத்தான் சப்புது."

"நுரையீரலுக்குள்ள லட்சக்கணக்குல குட்டிக்குட்டிப் பை இருக்குதும்மா," என்றேன். "மூச்ச விட்டதும் அது சுருங்கும். உள்ள ஈரம் இருக்குதுல்ல? நனைஞ்ச பிளாஸ்டிக் கவரு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டா பிரிக்கவே வராதே, அந்த மாதிரி ஒட்டிக்கும். ஒட்டாம இருக்க ஒரு வழவழப்பு வேணும். அத நுரையீரலே சுரந்துக்கும். ஒம்புள்ளைக்கு அது சுரக்கல. ஒவ்வொரு மூச்சுக்கும் லட்சம் பையப் பிரிச்சுப் பிரிச்சுத் தொறக்குது."

"மருந்து போட்டாத் தொறந்துக்குதுல்ல?"

"தொறந்துக்குது."

"அப்ப போடுங்க."

மருந்து அலமாரி கணியோடு இணைந்தது. குறைமாதப் பிள்ளைக்கு மூன்று குப்பிக்கு மேல் அது திறக்காது. குறைமாதப் பிள்ளைகளுக்கு மூன்று போதும், மூன்று நாளில் அவர்களுடைய நுரையீரலே சுரக்க ஆரம்பித்துவிடும். இந்தப் பிள்ளைக்கு ஆரம்பிக்காது. மற்ற பத்துக்கும் ஆரம்பிக்கவில்லை. மூன்றாவது குப்பி சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதற்குள் நாலாவது குப்பி வேண்டும்.

பத்து மணிக்குக் கொளஞ்சி வந்தான். தையல்நாயகியின் புருஷன். குழியில் வேலை பார்க்கிறவன்.

குழி என்றால் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே இருநூறு அடி ஆழத்தில் இப்போது மண் எடுக்கிறார்களே, அந்தச் சுரங்கம். அதன் புழுதி மாவைவிட நைசு. மெஷின்கள் அந்தப் புழுதியில் இரண்டே நாளில் படுத்துவிடும். மனுஷன் படுக்காமல் இருக்கக் கம்பெனி ஒரு மருந்து கண்டுபிடித்தது. அட்டையில் அதற்கு என்னவோ பெயர் போட்டிருக்கும், ஆட்கள் அதை நெய் என்பார்கள். மணிக்கு ஒரு தரம் வாயில் வைத்து ஊதிக்கொண்டால் நுரையீரலுக்குள் வழவழவென்று ஒரு படலம் பூசிக்கொள்ளும், புழுதி ஒட்டாது, மூச்சு வாங்காது. விட்டு விட்டு ஊதினால் ஒத்துக்கொள்ளாது என்று தொண்ணூறு நாள் ஆட்களைக் குழிக் கேம்பிலேயே வைத்திருப்பார்கள். பிறகு பத்து நாள் லீவு. கொளஞ்சிக்குப் பிள்ளை பிறந்ததற்கென்று ஒரு நாள் தனி லீவு கொடுத்திருந்தார்கள். இடுப்பில் நெய்க்குழல் தொங்கியது. கையில் ஒரு கட்டைப் பை.

பிள்ளையைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "மூக்கு எங்கம்மாவோடது," என்றான். அப்புறம் தொட்டிலுக்கு மேலே இருந்த திரையைப் பார்த்தான். சிவப்பில் பெரிதாக எழுதியிருந்தது.

"சிஸ்டரு, இருவத்தொம்பது வாரம்னா எத்தன மாசம்?"

"ஏழுக்குக் கொஞ்சம் கொறச்சல். ஆனா அத நீ நம்பாத, அந்தப் பொட்டி..."

அதற்குள் அவன் எண்ணத் தொடங்கிவிட்டான். கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து வைத்துப் பின்னால் போனான். புரட்டாசி, ஆவணி, ஆடி. கேம்பில் இருக்கிறவர்களுக்கு நாள் எண்ணுவதைத் தவிர வேறு பொழுதுபோக்குக் கிடையாது, அதில் அவர்கள் தப்பே செய்ய மாட்டார்கள். பங்குனியில் விரல் நின்றது. பங்குனியில் அவன் குழிக்குள் இருந்தான். தை மாசம் பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டு உள்ளே போனவன் சித்திரையில்தான் மறுபடி வெளியே வந்தான்.

அவன் தையல்நாயகியைப் பார்க்கவில்லை. பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

இந்த எண்ணலை நான் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். முதல் பிள்ளை அஞ்சலையுடையது. அவள் புருஷனும் இப்படித்தான் கணுவில் எண்ணினான். பிள்ளை மூன்றாம் நாள் செத்துப்போனது. அவன் கேம்புக்குத் திரும்பிப் போனவன் அடுத்த லீவுக்கு வீட்டுக்கு வரவில்லை, அதற்கடுத்த லீவுக்கும் வரவில்லை. அவள் இப்போது திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அன்றைக்கு அவள் "நாளு சரியாத்தான் சிஸ்டர் இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிச்ச பொண்ணுதான நீ, நாள் கணக்க ஒழுங்கா வெச்சுக்கக் கூடாதா?" என்றேன். பெட்டி பொய் சொல்லாது என்று நம்பினேன். என்னை எதைக் கொண்டு அடிப்பது?

தையல்நாயகி அழவில்லை. பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அவரு என்னா எண்ணுனாருன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். பங்குனியில என்கிட்ட வந்தது அவரு சட்ட மட்டுந்தான்."

"சட்டையா?"

"குழியில தண்ணி இல்லன்னு சனிக்கெழம சனிக்கெழம அழுக்கு மூட்ட வரும்ல. அவரு நம்பரு நானூத்திப் பதினேழு. தொவச்சுத் திங்கக்கெழம குடுக்கணும்." கொஞ்சம் தயங்கினாள். "மொதல்ல மூட்டயப் பிரிச்சு மூஞ்சில வெச்சுக்குவேன். அவரு வாசம் இருக்கும். அப்புறந்தான் ஊறப்போடுவேன். சோப்பே வேணாம் சிஸ்டர். தண்ணியில போட்டாலே நொரைக்கும். காலையில வந்த நொர சாயங்காலம் வரைக்கும் அப்பிடியே நிக்கும், கொழாயடியில எல்லாப் பொண்டுவளும் சிரிப்போம்."

நான் எழுந்து கட்டிலுக்குக் கீழே இருந்த பையைத் திறந்தேன். மேலாக ஒரு குழிச் சட்டை இருந்தது. அதன் கைப்பகுதியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பீரோவின் மேல்தட்டில் பத்து வருஷமாகத் தூங்கிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அதே அளவு ஸ்பிரிட் விட்டேன். சோப்பு நுரை ஸ்பிரிட் பட்டால் அடங்கிவிடும். நுரையீரலின் வழவழப்பு மட்டும்தான் நிற்கும். கால் நிமிஷம் குலுக்கிவிட்டு மேஜையில் வைத்துப் பதினைந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தேன். நுரை வளையம் குழாயின் வாயோரமாக அசையாமல் நின்றது. அவன் ஊதி ஊதிச் சட்டையில் படிந்த நெய் அது.

குழாயோடு டாக்டர் அறைக்குப் போய்த் தையல்நாயகி சொன்னதைச் சொன்னேன். டாக்டர் இளம்பரிதிக்கு முப்பது வயசு இருக்கும். நல்ல பையன், பயந்த பையன்.

"பெரியவங்களுக்கும் இது நடக்கும் சிஸ்டர்," என்றார் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. "மூணு வேளையும் வெளியிலேர்ந்து சாப்பாடு வந்தா வீட்டுல அடுப்பு எரியாது. நெய் ஊதுறவங்க நுரையீரல் சுரக்கறத நிறுத்திடும். லீவுல பத்து நாளும் எல்லாரும் மூச்சு வாங்கிட்டு உக்காந்திருக்காங்களே, அது அதனாலதான்."

"புள்ளைக்கு?"

"வயித்துல இருக்கற பிள்ளைக்கு ஏழாம் எட்டாம் மாசத்துலதான் அடுப்பு முதல் தடவையா பத்தும். அந்த நேரம் அம்மா இந்த நுரையில கைய வெச்சு, மூஞ்சிய வெச்சு மூச்சு இழுத்துட்டே இருந்தா, அது ரத்தத்துல கலந்து அங்கயும் போகலாம். சாப்பாடுதான் வருதேன்னு அடுப்பு பத்தாமலே போயிரும். அப்படி ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது." அவர் குழாயை மெதுவாகக் கீழே வைத்தார். "ஆனா எல்லா வீட்டுலயும்தான துவைக்கறாங்க. எல்லாப் பிள்ளைக்கும் ஆகலையே?"

அதற்கான பதில் என் நோட்டில் இருந்தது. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் கிடையாது அது. டியூட்டி போடும் நோட்டு. எங்கள் ஊரில் பிரசவம் வருஷம் முழுக்கச் சீராக வராது. கேம்ப் திறந்து ஆண்கள் வீட்டுக்கு வந்தால், அங்கிருந்து முப்பத்தெட்டு வாரம் கழித்து வார்டு நிரம்பும். பொங்கல் லீவுப் பிள்ளைகள் அக்டோபர் முதல் வாரம் வருவார்கள், சித்திரை லீவுப் பிள்ளைகள் ஜனவரி நடுவில் வருவார்கள். அந்த வாரங்களில் எந்த நர்சுக்கும் லீவு தர மாட்டேன். கணி வருவதற்கு முன்பிருந்தே இப்படித்தான் டியூட்டி போடுகிறேன், ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

பதினொரு பிள்ளைகளையும் நோட்டில் தேடினேன். பதினொன்றும் அந்தந்த நெருக்கடி வாரத்தில்தான் பிறந்திருக்கின்றன. ஒன்றுகூட ஒரு வாரம் முன்னால் வரவில்லை. யார் யார் என்று பார்த்தேன். அஞ்சலைக்கு அம்மா இல்லை. தையல்நாயகிக்கு அம்மா இல்லை. இன்னொருத்தி காதல் கல்யாணம், பிறந்த வீட்டோடு பேச்சில்லை. மற்ற பெண்கள் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதோடு சட்டை மூட்டையும் அவர்களை விட்டுவிடும். போக இடமில்லாத பதினொரு பேர் ஒன்பதாம் மாதம் வரை குனிந்து துவைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத பெண்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாதிரி.

"எழுதிக் குடுங்க டாக்டர்," என்றேன். "நாப்பது வாரம், நிறைமாசம்னு. அலமாரி தொறக்கட்டும்."

"நான் எழுதினா கணி ஏத்துக்காது சிஸ்டர். மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினாலும் அங்கயும் இதே கணி, இதே மூணு குப்பி. கம்பெனி ஆள்தான் வந்து திறக்கணும்." தலையைக் குனிந்துகொண்டார். "என்னை இங்க போட்டதே அவங்கதான்."

"அப்ப அவங்களக் கூப்புடுங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டே கூப்புட்டாலும் பரவாயில்ல."

அவர் போனில் எல்லாவற்றையும் சொன்னார். சட்டை, நுரை, நோட்டு, பதினொரு பிள்ளை. அந்த மட்டும் மறைக்காமல் சொன்னார்.

மூன்றரை மணிக்குக் கம்பெனியின் சுகாதார அதிகாரி வந்தார். பெயர் ஹேமச்சந்திரன். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு. அப்போது பிள்ளையின் விலாவில் லேசாகக் குழி விழ ஆரம்பித்திருந்தது. கொளஞ்சி உள்ளே வந்து சுவரோரமாக நின்றான். அவன் ஏற்கெனவே ஒரு முறை வந்து இடுப்பிலிருந்த குழலைக் கழற்றி, "இத ஊதி விடுங்க சிஸ்டரு, எனக்கு வேணாம்," என்று நீட்டியிருந்தான். பெரியவர்களுக்கான வேகத்தில் ஊதினால் பிள்ளையின் நுரையீரல் கிழிந்துவிடும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். மனைவியோடு மட்டும் அவன் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹேமச்சந்திரன் என் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார்.

"உங்க அனுபவத்த மதிக்கறேன் சிஸ்டர். ஆனா இது டியூட்டி நோட்டு. கணி நுரையீரல நேரடியாப் பாக்குது."

"கணி சொல்றது நெசம்னா இந்தப் புள்ள பங்குனியில உண்டாயிருக்கணும் சார். பங்குனியில இவ புருஷன் ஒங்க கேம்புல இருந்தான். கேட்டுல அவன் கட்டவிரல் பதிவு இருக்கும், எடுத்துப் பாருங்க."

அவர் ஒரு கணம் கொளஞ்சியைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார். குரலை இன்னும் மெதுவாக்கினார். "அது குடும்ப விஷயம் சிஸ்டர். அதுக்குள்ள நாம போக வேண்டாம்னு நினைக்கறேன்."

நான் கத்துகிறவள்தான். ஆனால் அன்றைக்குக் கத்த வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினேன்.

"போவோம் சார். பதினோரு புள்ளைக்கும் போவோம். ஒங்க பொட்டி பதினோரு புள்ளைக்கும் இருவத்தெட்டு, இருவத்தொம்பதுன்னுதான் போட்டுருக்கு. பதினோரு புள்ளையும் அப்பன்மாரு குழிக்குள்ள இருந்தப்ப உண்டானதா அதுல இருக்கு. அப்ப இந்த ஊருல போக அம்மா வீடு இல்லாத பொண்ணுங்க பதினோரு பேரும் புருஷன் உள்ள போயி ரெண்டு மாசம் கழிச்சுத் தப்பு பண்ணுனாங்க. ரெண்டு வருஷமா, கணக்கு வெச்சுக்கிட்டு, அதே வாரத்துல பண்ணுனாங்க. லீவுக்கு வந்துட்டுப் போன புருஷன்கிட்ட ஒருத்திக்குக்கூட உண்டாகல. அதத்தான சொல்றீங்க? இந்தா நிக்கறான் புருஷன். அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். கொளஞ்சி என் கையிலிருந்த நோட்டை வாங்கினான். ஒவ்வொரு பெயருக்கும் நேராக விரல் வைத்துப் படித்தான். அதில் நாலு பெண்களின் புருஷன்மார் அவனோடு ஒரே கொட்டகையில் படுக்கிறவர்கள். ஒருவன் அஞ்சலையின் புருஷன். பிறகு மறுபடியும் கணுவில் எண்ணினான், இந்தத் தடவை தையிலிருந்து முன்னோக்கி. எண்ணி முடித்ததும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து தையல்நாயகியின் காலைப் பிடித்துக்கொண்டான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட அப்புறம் வா," என்றாள். "மொதல்ல புள்ளயப் பாரு."

பிள்ளை முனகத் தொடங்கியிருந்தது.

ஹேமச்சந்திரன் வெளியே காருக்குப் போய், கையில் ஒரு வெள்ளை அட்டைப் பெட்டியும் ஒரு தாளுமாக வந்தார். "அலமாரியத் திறக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா மனிதாபிமான அடிப்படையில நிர்வாகம் இதக் குடுக்கச் சொல்லியிருக்கு. குழந்தைகளுக்கான மூச்சு முகமூடி. மெதுவா ஊதும். ஒரு நாளைக்கு நாலு தடவை."

"எத்தன நாளைக்கு?" என்றேன்.

"தேவைப்படற வரைக்கும்."

"எவ்வளவு காலம் சார் தேவப்படும்?"

அவர் தாளை நீட்டினார். 'எங்கள் குழந்தை இருபத்தொன்பது வாரத்தில் குறைமாதமாகப் பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.' கீழே அம்மாவுக்கு ஒரு கோடு, அப்பாவுக்கு ஒரு கோடு.

நான் அந்தத் தாளைக் கிழித்திருப்பேன். என் பிள்ளையாக இருந்திருந்தால் கிழித்திருக்க மாட்டேன், அதுவும் எனக்குத் தெரியும். தையல்நாயகி கை நீட்டிப் பேனாவைக் கேட்டாள்.

"நீ இதுல கையெழுத்துப் போட்டா ஊரு என்னா பேசும்னு தெரியுமாம்மா?"

"இருவத்தொம்பதுன்னு போடட்டும், ஒம்பதுன்னுகூடப் போடட்டும் சிஸ்டர். ஊரு பேசுறதுக்கு மூச்சு வேணும்ல, எம்புள்ளைக்கு அது இல்ல." போட்டாள். தாளைக் கொளஞ்சியிடம் தூக்கிப் போட்டாள்.

கொளஞ்சி போட்டான். போட்டுவிட்டுப் பேனாவை எடுக்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே கோணல் மாணலாக ஒரு வரி எழுதினான். 'தை மாசம் லீவுல நான் வீட்டில் இருந்தேன். இது என் பிள்ளை.' ஹேமச்சந்திரன் படித்தார், முகம் மாறாமல் தாளை மடித்தார். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

பெட்டியைப் பிரித்தேன். இத்தனூண்டு முகமூடி, பால் நிறத்தில், விளிம்பெல்லாம் மெத்தென்று. இருபத்தொன்பது வாரப் பிள்ளையின் முகம் எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும், அதற்கு இது தலையணை மாதிரி கிடக்கும். தையல்நாயகியின் பிள்ளைக்கு வைத்தேன். மூக்கிலிருந்து தாடை வரை ஒரு நூல் இடைவெளி இல்லாமல் பொருந்தியது. பொத்தானை அழுத்தினேன். உஸ்ஸென்று ஊதியது. நாலு மூச்சு, ஐந்து மூச்சு. விலாவின் குழி நிரம்பியது, முனகல் நின்றது, உடம்பு சிவந்தது. பிள்ளை கொட்டாவி விட்டது. கொளஞ்சி முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதான்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் இருந்தது. நர்சு புத்தி, எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பேன். காலாவதித் தேதி தேடித்தான் திருப்பினேன். சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது: 'நிறைமாதக் குழந்தைக்கு மட்டும். எடை 2.5 முதல் 3.5 கிலோ.' அதற்குக் கீழே தயாரித்த தேதி.

மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி அது. அஞ்சலைக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. கணி எங்கள் வார்டுக்கு வருவதற்கும் ஆறு மாதம் முன்னால்.

பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்படிப் பிள்ளைகள் பிறக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நிறைமாதமாகப் பிறக்கும் என்று தெரிந்திருக்கிறது. எத்தனை கிலோ இருக்கும் என்றுகூடத் தெரிந்திருக்கிறது. முதலில் முகமூடி செய்தார்கள், அப்புறம் கணி செய்தார்கள். பத்துப் பிள்ளைகள் என் கையில் மூச்சுக்கு முனகி முனகி ஓய்ந்தபோது இது ஏதோ ஒரு கிடங்கில் அடுக்கி வைத்திருந்திருக்கிறது. கொடுத்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள். ஒருத்தி எண்ணிவிட்டாள் என்று தெரிந்ததும் ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். பத்து வெள்ளைத் துணிகளையும் மடித்துச் சுற்றியவள் நான். அந்தப் பத்து முகத்துக்கும் இது பொருந்தியிருக்கும்.

டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். பெட்டியின் அடியைக் காட்டினேன். படித்தார். பிறகு தன் போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். அப்புறம் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் 'நாற்பது வாரம்' என்று எழுதிக் கீழே பெயரையும் பதிவு எண்ணையும் போட்டு என்னிடம் தந்தார். கணி ஏற்றுக்கொள்ளாது. பரவாயில்லை, அது கணிக்கு எழுதியது இல்லை.

வெயில் இன்னும் இறங்கவில்லை. நோட்டையும் தாளையும் பெட்டியையும் என் பையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். முதலில் செய்ய வேண்டியது கலெக்டர் ஆபீஸ் இல்லை, கோர்ட்டும் இல்லை. அதெல்லாம் நாளைக்கு. அஞ்சலையின் நம்பரை ஒரு பழைய சீட்டில் வைத்திருந்தேன்.

கடைச் சத்தத்துக்கு நடுவே எடுத்தாள். யார் என்று சொன்னேன். கட் பண்ணிவிடுவாள் என்று பயந்து வேகமாகச் சொன்னேன்.

"அஞ்சல, ஒன் நாள் கணக்கு சரிம்மா. ஒம்புள்ள நிறைமாசப் புள்ள. அந்தப் பொட்டி சொன்னது பொய். இன்னைக்கு நான் கண்ணால பாத்தேன்."

யாரோ பக்கத்தில் ஜாக்கெட் துணிக்கு மீட்டர் கேட்டார்கள். அவள் அவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்பினாள். அப்புறம் என்னிடம் வந்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமே சிஸ்டர்," என்றாள். "நாந்தான் ஒங்ககிட்ட சொன்னேனே."